டோட்ரி: பகட்டணியா, சோடனை நகையா?

கிளிநொச்சியிலிருந்து ஆசிரியை:

அன்பின் பெரியோர்க்கு வணக்கம். மாணவருக்காக ஆங்கிலச் சொல்வரலாறுகள் சிலவற்றைத் தமிழாக்கி வருகின்றேன். இவ்வாரம் அச்சகத்துக்குப் போக வேண்டிய பக்கங்களுள் ‘டோட்ரி’ (tawdry) என்னும் சொல்லுக்குரியது மட்டும் முடியாமல் நிற்கின்றது. இங்கிலாந்தின் ஈலியில் துறவுமடம் நிறுவிய அரசி எதெல்திரெடா 679இல் கழுத்துக்கட்டியோடு இறந்தார். இளமையில் கழுத்தணிகளைச் சுமந்த வீண் ஆசைக்கு அக்கட்டியே கழுவாய் என்று அவர் கருதியதாக வரலாற்றாசிரியர் பீட் எழுதியுள்ளார். மக்கள் வாயில் அவர் பெயர் ஓட்ரி ஆயிற்று. அவர் திருநாட் சந்தையில் விற்ற பட்டுக் கழுத்துப்பட்டி ‘செயின்ட் ஓட்ரி லேஸ்’ எனப்பட்டது. முதற்சொல்லின் ஈற்றொற்று அடுத்த சொல்லோடு ஒட்டி ‘டோட்ரி’ பிறந்தது. 17ஆம் நூற்றாண்டில் அது மலிவும் பளபளப்பும் சேர்ந்த எதையும் குறிக்கலாயிற்று. அவ்விரண்டும் தோன்றும் தமிழ்ச்சொல் ஒன்று வேண்டும்.

மல்லாவியிலிருந்து:

புல்லணி என்க. புன்மை + அணி, புல்லறிவு போலப் பண்புத்தொகை. கவரிங், இமிற்றேசன் முதலியவற்றை ஏடேற்ற வேண்டா.

மாங்குளத்திலிருந்து:

என் தெரிவு பகட்டணி. ஆயினும் அதன் வேர் தெளிய வேண்டும். பகல் என்னும் ஒளிச்சொல்லோடு அதனை இணைப்பார் உளர். யான் பகடு என்பதிலிருந்தே கொள்வேன். ஏரெருதையும் களிற்றையும் குறிக்கும் அச்சொல்லில் பெருமித நடை அடங்கியுள்ளது. அந்நடையே பின்னர் பகட்டு எனப் பெயர் பெற்றிருக்கும். சலங்கையும் குஞ்சமும் கட்டிய வண்டில் மாட்டைக் கண்டவர் இதனை மறுக்கமாட்டார்.

முள்ளியவளையிலிருந்து:

மாங்குளத்து ஐயாவின் வேரை ஏற்றால் அவர் சொல்லே இடறுகின்றது. உயிர்த்தொடர்க் குற்றியலுகரத்தில் டகரம் இரட்டும் என்பது நன்னூல் விதியாதலால், பகடு + அணி என்பதும் பகட்டணியே. ‘எருதின் அணி’ என்றோ, அணி என்பதை வரிசையாகக் கொண்டு ‘எருதுகளின் வரிசை’ என்றோ மாணவன் ஒருவன் பொருளெழுதினால், எந்த விதியைக் காட்டி அவனுக்குப் புள்ளியைக் குறைப்போம்?

புல்லணியில் எனக்குள்ள மறுப்பு இலக்கணம் பற்றியதன்று. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவிலுக்கு வருகின்றவர்களுள், விதைப்புக்காகப் பொன் சங்கிலியை அடைவு வைத்துவிட்டுக் கவரிங் சங்கிலியோடு வரும் பெண்கள் உண்டு. கொளுவியில் முலாம் தேய்ந்து செம்பு தெரிவதைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு நிற்பவரின் கழுத்தில் கிடப்பதைப் புல்லணி என்று பாடநூல் சொல்லுமாயின், அப்புன்மை அணியோடு நில்லாமல் அணிந்தவர் மேலும் ஏறும். அன்றியும் கவரிங் என்பது செய்பொருளைச் சொல்வது. டோட்ரி தோற்றத்தைப் பழிப்பது. செம்மையாகச் செய்த முலாம் நகை டோட்ரி ஆகாது. அளவுகடந்து அடுக்கிய தனிப்பொன்னும் டோட்ரி ஆகலாம். புறநானூற்றின் 378ஆம் பாட்டில், விரலுக்குரியதைக் காதிலும் காதுக்குரியதை விரலிலும் மாட்டிக்கொண்ட சுற்றத்தாரைக் கண்டு ஊன்பொதி பசுங்குடையார் நகைப்பது நகையின் மலிவைப் பற்றியன்று. அவை இளஞ்சேட்சென்னி கொடுத்த அருங்கலங்கள்.

ஆகவே சோடனை நகை என்கின்றேன். பந்தலையும் தேரையும் சோடிப்பது நம் ஊர் வழக்கு; பொய்யாகப் புனைந்த வழக்கையும் ‘சோடித்த வழக்கு’ என்கின்றோம். அழகுபடுத்தலும் இல்லாததை உண்டாக்கலும் ஒரே வினைக்குள் இருப்பது வேறெங்கே கிடைக்கும்? கண்ணாடிக் காப்பும், அட்டையில் குத்திய கல்லுத்தோடும் பரப்பிய திருவிழாக் கடைகளை அறிந்த பிள்ளைகளுக்கு ஈலிச் சந்தையும் இச்சொல்லால் எளிதில் விளங்கும்.

மல்லாவியிலிருந்து:

சோடி வடக்கிலிருந்து வந்தது. பந்தற் சோடனையில் மலிவும் இல்லை, பழிப்பும் இல்லை.

முள்ளியவளையிலிருந்து:

திசைச்சொல்லையும் வடசொல்லையும் செய்யுளுக்கும் உரியனவாக ஏற்றார் தொல்காப்பியர். அவர் திறந்துவைத்த கதவை ஒரு பாடப்பக்கத்துக்காக நாம் அடைக்க வேண்டுமா? பழிப்பை உரைநடை சேர்த்துக்கொள்ளும். சொல்லிலேயே ஏற்றிவைக்க வேண்டியதில்லை.

கிளிநொச்சியிலிருந்து ஆசிரியை:

எழுதிய அனைவருக்கும் நன்றி. தனிமடலில் எழுதியோரையும் சேர்த்துப் பார்க்கையில் பெரும்பாலோர் பகட்டணிக்கே இசைகின்றனர். எருதைப் பற்றிய அச்சம் அவர்களுக்கு இல்லை. பகட்டணியையே அச்சுக்குக் கொடுக்கின்றேன். சோடனை நகை ஆசிரியர் குறிப்பில் இடம்பெறும்.

மல்லாவியிலிருந்து:

என் இசைவின்மையையும் அக்குறிப்பிற் சேர்க்க. அதுவன்றி, ‘லேஸ்’ என்பதைக் கழுத்துப்பட்டி என்று ஆக்கியுள்ளீர்கள். நம் பிள்ளைகள் அதனைப் பாடசாலைச் சீருடையின் ரை என்றே கொள்வர். பட்டிழை என்று மாற்றுக; இழை என்பதற்கு அணிகலன் என்னும் பொருளும் உண்டு.