ஜி65-ல் கூப்பிட்டால் #4 ஏன் காலியாகிறது?

கப்பலூர்_விஎம்சி:
மெஷினின் கன்ட்ரோல் ஃபானுக் 0ஐ. டேபிளில் 4 பிளாஞ்ச், ஒவ்வொன்றிலும் 8 ஓட்டை, பிசிடி (ஓட்டைகளின் மையங்கள் அமையும் வட்டத்தின் விட்டம்) 120. மெயின் புரோகிராமில் பிளாஞ்ச் எண்ண #1 வேரியபிள், பிசிடிக்கு #4. ஓட்டை போடும் சப் புரோகிராம் 9010-க்குள்ளும் எண்ணுவதற்கு #1-தான். அதை எம்98-ல் (சாதாரண சப் புரோகிராம் அழைப்பு) கூப்பிட்டால் முதல் பிளாஞ்ச்சோடு லூப் முடிந்துவிடுகிறது. ஜி65-க்கு (மதிப்புகளையும் அனுப்பும் மேக்ரோ அழைப்பு) மாற்றினால் 8 ஓட்டைக்கும் டூல் சென்டருக்கே போகிறது. நல்லவேளை, ஜாப் மாட்டாமல் ஓட்டிப் பார்த்தது. எங்கே இடிக்கிறது?

செட்டர்_மதுரை:
தம்பி, ரெண்டுக்கும் காரணம் ஒன்றுதான். #1 முதல் #33 வரை லோக்கல், அதாவது அந்தந்த லெவலுக்கு மட்டும் உரிய வேரியபிள்கள். எம்98 லோக்கல் லெவலை மாற்றாது. மெயினும் சப்பும் ஒரே 33-ஐத்தான் கையாளும். 9010 முடியும்போது #1-ல் 8 நிற்கும், மெயின் அதோடு 1 கூட்டினால் 9. நாலைத் தாண்டிவிட்டது, லூப் முடிந்தது.

ஜி65 புதிதாக 33 கொடுக்கும். அந்த வரியில் நீங்கள் அனுப்பியதைத் தவிர மற்றதெல்லாம் காலி. #4 காலி, காலியை வைத்துக் கணக்குப் போட்டால் 0, ஆரமும் 0. அதனால்தான் சென்டர். 9010-லிருந்து திரும்பும் எம்99 வந்ததும் மெயினின் பழைய மதிப்புகள் அப்படியே திரும்பிவிடும்.

இப்படிக் கூப்பிடுங்கள்:
ஜி65 பி9010 ஏ0. ஐ120. எச்8 இசட்-15. ஆர்2. எஃப்80.

உள்ளே ஏ #1, ஐ #4, எஃப் #9, எச் #11, ஆர் #18, இசட் #26. வரிசையாக எண்ணிப் போகாதீர்கள், எழுத்துக்கு எழுத்து தாவும். ஜி, எல், என், ஓ, பி (P) ஐந்திலும் மதிப்பு அனுப்ப முடியாது. புள்ளி ரொம்ப முக்கியம்: ஐ120 என்று புள்ளியில்லாமல் அடித்தால், வழக்கமான மெட்ரிக் செட்டிங்கில் 0.12 ஆகிவிடும். ஓட்டை எண்ணுவதை #30-க்கு மாற்றுங்கள். ஐ, ஜே, கே-யை ஒரு தடவைக்கு மேல் எழுதாதவரை அதை எந்த எழுத்தும் தொடாது.

கப்பலூர்_விஎம்சி:
சரிங்கண்ணே, இப்போது 4 பிளாஞ்ச்சும் ஓடுகிறது. ஐ விட்டுப்போனால் நிற்கட்டும் என்று இஃப் [#4 ஈக்யூ 0] கோட்டூ 900 (#4, 0-க்குச் சமமென்றால் என்900 வரிக்குப் போ) போட்டேன், பிடிக்கவில்லையே?

செட்டர்_மதுரை:
காலி வேறு, 0 வேறு தம்பி. [#4 ஈக்யூ #0] என்று எழுதுங்கள். #0 எப்போதும் காலி. என்900-ல் #3000=1 போட்டால் 3001 அலாரம் வந்து நிற்கும். இசட்டுக்கும் இதே சோதனை வேண்டும். #26 காலியாக இருந்தால் ஓட்டை போடும் ஜி81 வரியில் இசட்டே எழுதாத மாதிரிதான் கன்ட்ரோல் எடுத்துக்கொள்ளும்.

புதூர்_டர்னிங்:
ஒரு சேர்க்கை. உள்ளே கணக்கிட்ட மதிப்பு மெயினுக்கு வேண்டுமென்றால் #100-ல் வையுங்கள், லோக்கலில் வைத்தால் எம்99-ஓடு போய்விடும். #100 வரிசை பவர் ஆஃப் வரை, #500 வரிசை அதற்குப் பிறகும் இருக்கும். ஜி65-க்குள் ஜி65 என்று சில அடுக்குகள்தான் போக முடியும். மதிப்பு சரியாக வந்ததா என்று பார்க்க, 9010-ன் முதல் வரிகளுக்குப் பின் ஒரு எம்00 (புரோகிராமை நிறுத்தி வைக்கும் கட்டளை) போட்டு மேக்ரோ வேரியபிள் பக்கத்தைத் திறங்கள். சீமென்ஸ் மெஷினுக்கு இதை அப்படியே கொண்டுபோக வேண்டாம். அங்கே ஆர் பாராமீட்டர்கள் சேனல் முழுக்கப் பொது, லோக்கல் வேண்டுமென்றால் டெஃப் போட்டுத்தான் அறிவிக்க வேண்டும்.