தேய்ந்த கைரேகைகளை வரைய உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். உழைத்துத் தேய்ந்த விரல்களை ரேஷன் கடையின் கைரேகைக் கருவி அடையாளம் காணாமல் தடுமாறுவதைப் பற்றி, மதுரையில் இருந்தபடி எண்ணெய் வண்ண ஓவியங்களைத் தீட்டி வருகிறேன். எத்தனை குறைந்த கோடுகள் ஒரு படமாகும் என்று ஆராய்ந்த ஓவியர் ஹெரால்டு கோஹன், 1970களில் ‘ஆரோன்’ என்ற கணினி நிரலை உருவாக்கி அதை வரையவும் வைத்தார்; எத்தனை ரேகைகள் மிஞ்சினால் ஒருவரை அவராகவே இயந்திரம் ஏற்கும் என்பது என் தேடல்.

செல்லூர் நெசவாளர்கள், மேலூர்ப் பக்கம் கல் உடைப்பவர்கள், குறிப்பாகச் சுங்குடிச் சேலைக்கு முடிச்சிடும் பெண்கள் (அந்த விரல்களின் நுட்பம் எந்தக் கருவிக்கும் தெரியாது) ஆகியோரில் ஓவியத்துக்கு அமர விரும்புவோரைத் தயவுசெய்து அறிமுகப்படுத்துங்கள். அமரும் நாளுக்குரிய கூலியைத் தருவேன். ரேகைகளைப் பாதுகாப்புக் கருதி மாற்றியே வரைவேன். முகத்தைக் காட்டுவது அவரவர் விருப்பம்.