விம் எடிட்டரில் ஒருமுறை அன்டூ செய்தால் பத்தி முழுவதும் போய்விடுகிறது

கேள்வி:
வணக்கம். நீளமான கட்டுரைகளை விம் எடிட்டரில் தட்டச்சு செய்கிறேன். இன்சர்ட் மோடில் (எழுத்துகளைத் தட்டச்சு செய்யும் நிலை) நாலைந்து வாக்கியங்களைத் தொடர்ந்து அடித்த பின், கடைசி வாக்கியத்தை மட்டும் நீக்க எண்ணி எஸ்கேப் அழுத்தி 'யு' விசையைத் தட்டினால், அத்தனை வாக்கியங்களும் மறைந்துவிடுகின்றன. 'அன்டூலெவல்ஸ்' அமைப்பு 1000 என்றே இருக்கிறது. வாக்கியம் வாக்கியமாகப் பின்செல்ல வழி உண்டா?

பதில்:
எத்தனை படிகள் பின்செல்லலாம் என்பதை மட்டுமே 'அன்டூலெவல்ஸ்' தீர்மானிக்கிறது. ஒரு படியின் அளவு அதன் கையில் இல்லை. இன்சர்ட் மோடில் நுழைந்தது முதல் எஸ்கேப் அழுத்தும் வரை நீங்கள் அடிப்பதை, இடையில் அம்புக்குறி விசையால் கர்சரை நகர்த்தாத வரையில், விம் ஒரே மாற்றமாகவே கணக்கில் கொள்கிறது. அந்தத் தொடரை நடுவில் முறிக்க, இன்சர்ட் மோடில் இருந்தபடியே கன்ட்ரோல்-ஜி அழுத்தி, அடுத்து 'யு' அழுத்த வேண்டும். இதைத் தானாக நடக்கச் செய்ய, விம்மின் அமைப்புகளை எழுதிவைக்கும் விம்ஆர்சி கோப்பில், இன்சர்ட் மோடில் ஒரு விசைக்கு வேறு விசை வரிசையை ஒதுக்கும் 'ஐநோர்மேப்' கட்டளையைக் கொண்டு, முற்றுப்புள்ளி விசையை "முற்றுப்புள்ளி, கன்ட்ரோல்-ஜி, யு" என்ற வரிசையுடன் இணைத்துவிடுங்கள். காற்புள்ளிக்கும் கேள்விக்குறிக்கும் இவ்வாறே செய்யலாம். ஸ்பேஸ் விசைக்கும் சிலர் இதைச் செய்கிறார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு சொல்லும் தனிப்படியாகிவிடுவதால், ஒரு பத்தியைத் திரும்பப் பெறவே பலமுறை தட்ட வேண்டியிருக்கும்.

கேட்டவர்:
மிக்க நன்றி, இப்போது வாக்கியம் வாக்கியமாகவே பின்செல்கிறது. இன்னொரு சந்தேகம்: பின்சென்ற இடத்தில் கைதவறி ஓர் எழுத்தை அடித்துவிட்டால், பின்சென்றதை மீட்கும் கன்ட்ரோல்-ஆர் பழைய பகுதியைத் திரும்பத் தருவதில்லை. கோப்பை மூடினாலும் வரலாறு முழுவதும் அழிந்துவிடுகிறது.

பதில்:
அந்தப் பகுதி அழியவில்லை. 7.0 பதிப்பிலிருந்து விம் மாற்றங்களைக் கிளை பிரியும் மரமாகச் சேமிக்கிறது. 'யு' விசையும் கன்ட்ரோல்-ஆரும் ஒரே கிளையில்தான் மேலும் கீழும் நகரும். நார்மல் மோடில் (எஸ்கேப் அழுத்தியதும் வரும் கட்டளை நிலை) 'ஜி' அழுத்திக் கழித்தல் குறியை அழுத்தினால், கிளை எதுவானாலும் கால வரிசைப்படி பின்செல்லலாம். முக்காற்புள்ளியிட்டு 'ஏர்லியர் 10எம்' என்று கொடுத்தால், பத்து நிமிடத்துக்கு முந்தைய நிலை கிடைக்கும்.

கோப்பை மூடிய பின்னும் வரலாறு நிலைக்க, 2010-இல் வெளிவந்த 7.3 பதிப்பு முதல் உள்ள 'அன்டூஃபைல்' அமைப்பை இயக்குங்கள். வரலாற்றுக் கோப்புகளைச் சேமிக்க 'அன்டூடிர்' அமைப்பில் நீங்கள் குறிப்பிடும் அடைவை (ஃபோல்டரை) விம் தானாக உருவாக்காது என்பதால், அதை முன்கூட்டியே உருவாக்கி வைப்பது அவசியம். கோப்பை வேறொரு எடிட்டரில் திருத்தியிருந்தால், உள்ளடக்கம் பொருந்தாததைக் கண்டு விம் பழைய வரலாற்றை ஏற்க மறுத்துவிடும். நீங்கள் நீக்கிய வரிகளும் அந்த வரலாற்றுக் கோப்பில் தங்கியிருக்கும். ஆகவே கடவுச்சொற்கள் உள்ள கோப்புகளுக்கு மட்டும் 'அன்டூஃபைல்' அமைப்பைக் கட்டாயம் அணைத்து வையுங்கள்.