குவாங்கேத்தோவை ‘மகா’ என்று சொல்லலாமா?

பாலைக்கல்:
கொரியர்கள் வழக்கமாக ‘மகா’ சேர்த்து அழைக்கும் அரசர்கள் இரண்டே பேர். ஒருவர் கொரிய மொழிக்கு எழுத்து தந்த செஜோங். அவரைப் பற்றி எனக்குக் கேள்வியே இல்லை. இன்னொருவர், பழைய கொரியாவின் வடக்கு அரசான கோகுரியோவின் குவாங்கேத்தோ. 18 வயதில் பட்டத்துக்கு வந்து 39இல் சாகும்வரை படையெடுப்புதான். மகன் ஜாங்சு 414இல் நட்ட கல், 6 மீட்டருக்கும் மேல் உயரம், அதைப் பெருமையாகவே சொல்கிறது: பிடித்தவை 64 கோட்டைகள், 1,400 ஊர்கள். 396இல் தெற்கே இருந்த பெக்சே நாட்டின் அரசர் அசின் பணிந்தபோது ஆணும் பெண்ணுமாக 1,000 பேரைக் கொடுத்தார், கப்பத் துணியோடு துணியாக. பெயரின் பொருளே ‘நிலத்தை விரித்தவர்’. நமக்கும் இவர் மகாவா?

வடமலையான்:
நண்பரே, கதையைப் பாதியில் தொடங்கியிருக்கிறீர்கள். 342இல் மேற்கே ஆண்ட முரோங் குலத்தின் படை கோகுரியோ தலைநகரை எரித்தது. இவருடைய கொள்ளுப்பாட்டனார் மிச்சோனின் கல்லறையைத் தோண்டி, உடலையே தூக்கிக்கொண்டு போனது. கூடவே 50,000 பேரைச் சிறைபிடித்தது. 371இல் பெக்சே படை பியாங்யாங் வரை வந்தது. அங்கே நடந்த போரில் பாட்டனார் கோகுக்வோன் இறந்தார். இப்படி அடிவாங்கிய நாட்டை இவர் நிமிர்த்தினார். 400இல் வா (அன்றைய ஜப்பானியர்) படைகளிடம் சிக்கிய தென்கிழக்கு அரசான சில்லா உதவி கேட்டபோது 50,000 பேரை அனுப்பி மீட்டதும் இவர்தான். நாடு செழித்தது, ஐந்து தானியமும் விளைந்தது என்று அதே கல்லில் இருக்கிறதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

பாலைக்கல்:
மகன் தந்தைக்கு நட்ட கல்லில் விளைச்சல் பொய்த்தது என்றா எழுதுவார்கள்? மெய்க்கீர்த்தியை வைத்து ஆட்சியை அளக்க முடியாது. தன் வீட்டுக்கு நடந்த கொடுமையை அடுத்த வீட்டுக்குச் செய்தால் அது நியாயம் ஆகிவிடுமா?

இளவேனில்:
நடுவில் வருகிறேன். கல்லில் 391ஆம் ஆண்டைப் பற்றி ஒரு வரி உண்டு. வா கடல் கடந்து வந்து பெக்சேயையும் சில்லாவையும் அடக்கியது என்று ஜப்பானில் படித்தார்கள். கடந்து போய் அடித்தது கோகுரியோ என்று கொரியாவில் படித்தார்கள். கல்வெட்டின் முதல் பிரதியை ஜப்பானுக்குக் கொண்டுபோனவர் ஒரு ஜப்பானிய ராணுவ அதிகாரி என்பதால் சந்தேகம் இன்னும் வலுத்தது. ஜப்பான் ராணுவத்தினர் கல்லில் சுண்ணாம்பு பூசி எழுத்தை மாற்றினார்கள் என்று 1972இல் வரலாற்றாசிரியர் லீ ஜின்ஹி எழுதினார். ஆனால் சுண்ணாம்பு பூசுவதற்கு முன்பே கல்லின்மேல் தாள் ஒற்றி எடுத்த மைப்படிகள் பிறகு கிடைத்தபோது அந்த வாதம் பலமிழந்தது.

அப்புறம், எல்லோரும் தாண்டிப்போகும் கடைசிப் பகுதி ஒன்று இருக்கிறது. கல்லறைக் காவலுக்கு 330 குடும்பங்கள். அவற்றில் 220, இவர் பிடித்த ஊர்களிலிருந்து கொண்டுவரப்பட்டவை. எந்த ஊரிலிருந்து எத்தனை குடும்பம் என்று வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை அந்தக் கல்லின் உயிரே இந்தப் பகுதிதான். காவலரை யாரும் விற்கக் கூடாது. விற்றவனுக்குத் தண்டனை, வாங்கியவன் தானே கல்லறையைக் காக்க வேண்டும்.

வடமலையான்:
அருமை. மிச்சோன் கல்லறைக்கு நடந்ததை நினைத்தால் இந்த ஆணையின் வலி புரிகிறது. பிடிபட்டவர்களைக் கண்டபடி விற்க விடாமல் தடுத்த அரசர் இவர்.

பாலைக்கல்:
தடை போட்டார்கள் என்றால் விற்றுக்கொண்டிருந்தார்கள் என்றுதானே அர்த்தம்? அந்தச் சட்டம் காப்பாற்றியது கல்லறையை. 220 குடும்பங்கள் சொந்த ஊரை விட்டு, தங்களை வென்றவரின் சமாதியைக் கூட்டிப் பெருக்கவேண்டியிருந்தது. அந்த ஊர்ப்பெயர்களைப் படிக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

வடமலையான்:
ஒப்புக்கொள்கிறேன், அது சுமைதான். ஆனாலும் கல்லில் உள்ள முழுப்பட்டத்தில் ‘நிலத்தை விரித்தவர்’ என்பதற்கு அடுத்தே ‘அமைதி தந்தவர்’ என்றும் வருகிறது. தோற்றவர்கள் அவரை எப்படி நினைத்தார்கள் என்பதை நாம் எப்படி அறிவது?

இளவேனில்:
சில்லா பக்கத்திலிருந்து ஒரு சிறு தடயம் உண்டு. 1946இல் சில்லாவின் பழைய தலைநகரான கியோங்ஜுவில் ஒரு கல்லறையைத் திறந்தபோது வெண்கலக் கிண்ணம் ஒன்று கிடைத்தது. அடியில் இவர் பெயரும் 415ஐக் குறிக்கும் ஆண்டும் இருக்கின்றன. கோகுரியோவில் செய்தது, சில்லாவில் யாரோ போற்றி வைத்து, தன்னோடு புதைக்கவும் செய்திருக்கிறார்கள்.

பாலைக்கல்:
அந்தக் கிண்ணத்தின் எழுத்தை நானும் பார்த்தேன். நிலத்தை விரித்தவர் என்று இருக்கிறது. அமைதி என்ற சொல் அதில் இல்லை.