மெயிலில் வரும் பேட்ச் சிதைந்து போகிறது, வழி சொல்லுங்கள்

சி மொழியில் ஒரு சின்ன லைப்ரரியைப் பராமரிக்கிறேன். பேட்ச் (நிரலில் செய்த திருத்தத்தைக் காட்டும் உரை) எல்லாம் மெயிலில்தான் வாங்குகிறோம். இரண்டு மாதமாகப் புதியவர்கள் அனுப்புவது 'கிட் ஏஎம்' (நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் 'கிட்' கருவியில், மெயிலில் வந்த பேட்ச்சை ஏற்றும் கட்டளை) கொடுத்தால் ஏறுவதே இல்லை. திறந்து பார்த்தால் டேப் இருந்த இடமெல்லாம் ஸ்பேஸ், நீளமான வரிகள் பாதியில் உடைந்திருக்கின்றன, அடியில் அலுவலகத்தின் 'ரகசிய மெயில்' அறிவிப்பு வேறு. நல்ல திருத்தங்கள் இப்படி வீணாவது கஷ்டமாக இருக்கிறது.

என்னிடம் இருப்பது உபுண்டு 24.04, கிட் 2.43. கிட்டிலிருந்தே பேட்ச்சை மெயிலில் அனுப்பும் 'சென்ட்-இமெயில்' கட்டளையைப் பயன்படுத்த வழிகாட்டி எழுதினேன். பலருடைய அலுவலக நெட்வொர்க்கில் மெயில் அனுப்பத் தேவையான 587 போர்ட்டே திறப்பதில்லை. அப்புறம் கோப்பாக இணைக்கச் சொன்னேன். பேட்ச் ஏறுகிறது, ஆனால் வரிக்கு வரி பதில் எழுத முடியவில்லை.

லினக்ஸ் கெர்னலுக்கு 'பி4' என்ற பேட்ச் கருவியில் எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் நெறிமுறை) இல்லாமல் வலை வழியாகவே அனுப்பலாம். அதே வசதியைச் சொந்த சர்வரில் அமைத்தவர்கள் இருக்கிறீர்களா, எப்படிச் செய்தீர்கள்?