பொருள்: ரியூனிங்குக்கு ஒரு தமிழ்ச் சொல், வெள்ளிக்கு முன்

திங்கள் காலை, கொக்குவில் விரிவுரையாளர்:

குழுவினருக்கு வணக்கம். வெள்ளி பின்னேரம் அச்சகத்துக்குப் போகவேண்டிய பாடக்குறிப்பு ஒன்று மேசையில் கிடக்கிறது. ஆறு உருளைப் பெற்றோல் இஞ்சின்களின் நல்லது, கெட்டது, பிறகு ரியூனிங், அதாவது இஞ்சினை ஓட்டத்துக்கு ஏற்பச் சரிப்படுத்துவது. பயிற்சிக்கூடத்தில் பழைய ரொயோட்டா 1ஜி ஒன்று தாங்கியில் நிற்கிறது. 1,988 சீசீ, ஆறு உருளையும் ஒரே வரிசையில். பிள்ளைகள் அதில் கைவைக்க முன் வாசிப்பதற்காகத்தான் இந்தக் குறிப்பு.

நல்லதை எழுதிவிட்டேன். முன் மூன்று முசலங்களும் (பிஸ்ரன்களும்) இஞ்சினை ஒரு பக்கம் ஆட்டப் பார்த்தால், கண்ணாடி நிழல்போல நிற்கும் பின் மூன்றும் மறுபக்கம் ஆட்டிச் சமன்செய்துவிடும். நாலு உருளையில் மிஞ்சுகிற உதறல் இதில் இல்லை. முசலங்கள் சுழற்றுகிற கிராங் தண்டு 120 பாகை திரும்பும் ஒவ்வொரு தடவையும் ஓர் உருளை எரியும், எரிவரிசை 1-5-3-6-2-4. கெட்டதும் முடிந்தது. கிராங் நீளமானது, ஆகவே முறுக்கதிர்வு. உருளைகளை மூடுகிற தலையும் நீளம், தண்ணீர் வற்றிச் சூடேறினால் வளைந்துவிடும். பொனற்றுக்குள் குறுக்காக வைக்க இடம் காணாது.

மூன்றாம் பகுதியின் தலைப்பில்தான் நிற்கிறேன். போன வருடம் "இசைவாக்கம்" என்று எழுதினேன். ஒரு பையன் எழும்பி, "ரீச்சர், ரேடியோவுக்கா?" என்று கேட்டான். வேறு சொல் தாருங்கள்.

திங்கள் இரவு, நல்லூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பிள்ளை, சொல் இருக்கிறது. தேடவே தேவையில்லை. பண்ணல்.

சிலப்பதிகாரத்துக் கானல்வரித் தொடக்கத்தில் மாதவி யாழை எடுத்து எட்டு வகையாக மீட்டுகிறாள். பண்ணல், பரிவட்டணை, ஆராய்தல், தைவரல் என்று அந்த வரிசை போகிறது. முதலாவதே பண்ணல், அதாவது நரம்புகளைப் பண்ணுக்கு ஏற்ப நிறுத்துதல். ஆங்கிலேயன் இசைக்கருவியிலிருந்து எடுத்து இஞ்சினுக்குக் கொடுத்த சொல்லுக்கு, நாங்களும் இசைக்கருவியிலிருந்து கொடுக்கிறோம். அதோடு நில்லாமல் இன்னொன்றும் கேளுங்கள். சங்கப் பாட்டில் தேரும் பண்ணப்படும், குதிரையும் யானையும் பண்ணப்படும். பூட்டி, இறுக்கி, ஓட்டத்துக்கு ஆயத்தமாக்குவதும் பண்ணலே. யாழுக்கும் தேருக்கும் பொதுவாக ஒரு சொல்லை வைத்திருந்தவர்கள் நாங்கள். யாழ்ப்பாணன் பேரில் இருக்கும் ஊரில் இருந்துகொண்டு இதைக் கைவிடுவதா?

இஞ்சினின் ஆற்றலைப் பரிவலு என்று பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறோம். பரி இருக்கிறது. அதைப் பண்ணுவதற்குத்தான் வெட்கமோ?

செவ்வாய் காலை, சுன்னாகம் கராஜ்:

மாஸ்ரர், வாசிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் ஒன்று. நாளைக்கு ஒருவர் வந்து "தம்பி, காரைப் பண்ணித் தா" என்றால் நான் எதை எடுப்பது, சாவியையா சுத்தியலையா? எங்கள் ஊரில் சனம் "செய்" என்றுதான் சொல்லும். பண்ணுவது எல்லாம் படத்தில்தான். உருளை எரியாமல் விடுகிற மிஸ்கூட எங்களிடம் அடிக்கும், பண்ணாது.

ஆனால் இசைக்கருவி என்று மாஸ்ரர் சொன்னதில் உண்மை இருக்கிறது. பெற்றோலைக் காற்றோடு கலக்கிற எஸ்யூ கார்பரேற்றர் இரண்டு பூட்டிய ஆறு உருளை என்றால் ஒவ்வொன்றும் மூன்று உருளைக்குத் தீன் போடும். இரண்டும் ஒரே அளவு காற்று இழுக்க வேண்டும். ஒரு துண்டு ரப்பர் ஹோஸை எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை முதலாவதின் வாயில் பிடிப்போம். உஸ் என்ற சத்தம் கேட்கும். பிறகு இரண்டாவதில் பிடித்து, இரண்டு சத்தமும் ஒன்றாகும்வரை திருகாணியைத் திருகுவோம். நாதஸ்வரக்காரர் ஒத்தோடு சுருதி சேர்ப்பதும் இதுவும் ஒன்றுதான். "சுருதி பார்த்தல்" என்று போடுங்கோவன்.

செவ்வாய் மதியம், கொக்குவில்:

அண்ணை, சுருதி அழகு. ஆனால் 1ஜியில் கார்பரேற்றர் இல்லையே. பெற்றோலை விசிறுவது கணினி. காதை எங்கே வைப்பது?

செவ்வாய் இரவு, வட்டுக்கோட்டை, பௌதிகவியல் ஆசிரியர்:

எல்லோரும் ஒரு சொல்லைத் தேடுகிறீர்கள். வேலை இரண்டு.

ஒன்று, பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பது. கருமை பிடித்திருந்தால் பெற்றோல் கூட, வெளுத்திருந்தால் குறைவு, இளம் மண்ணிறம் என்றால் சரி. இடைவெளி வைப்பது, பொறி விழும் நேரமான ரைமிங் பார்ப்பது, வால்வு இடைவெளி பார்ப்பது, எல்லாம் இஞ்சினைத் தொழிற்சாலை சொன்ன நிலைக்குத் திருப்பிக் கொண்டுவருகிற வேலை. இரண்டாவது, தொழிற்சாலை சொன்னதைத் தாண்டுவது. வால்வைத் திறக்கிற கேம் மாற்றுவது, காற்றை அமுக்கித் தள்ளுகிற ரேபோ பூட்டுவது, கணினிக்கு வேறு அட்டவணை எழுதுவது. ரொயோட்டா 2ஜேஇசட்டைப் பாருங்கள். 86 மில்லிமீற்றர் துளை, 86 மில்லிமீற்றர் வீச்சு, 2,997 சீசீ. ரேபோ இல்லாத வகையில் அமுக்க விகிதம் 10:1. இரட்டை ரேபோ பூட்டிய வகையில் அதை 8.5:1க்கு இறக்கினார்கள். இறக்காவிட்டால் கலவை தானாகவே வெடித்துத் தட்டும், அதாவது நொக் அடித்து முசலம் ஓட்டையாகும். இதையும் பிளக் துடைப்பதையும் ஒரே சொல்லால் சொல்வது ஆங்கிலத்தின் சோம்பல். அந்தச் சோம்பலை நாங்கள் ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்?

முதலாவதற்குச் சீராக்கம். இரண்டாவதற்கு வலுவேற்றம். வலு என்றால் என்ன என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். கடல் கடந்து போனால் அதைத் திறன் என்பார்கள், நாங்கள் திறன் என்பதை வேறெதுவோ என்பார்கள். அந்தச் சண்டையை இன்றைக்குத் தொடங்க வேண்டாம்.

எரிவரிசை என்று ரீச்சர் எழுதியது நல்ல வினைத்தொகை. எரிந்த, எரிகிற, எரியும் வரிசை. மிஸ் அடிக்கிற இஞ்சினில் மட்டும் மூன்று காலமும் பொருந்தாது.

புதன் காலை, சுன்னாகம்:

சேர், உங்கள் கணக்கில் ஒரு ஓட்டை. 1990க்குப் பிறகு போர்க்காலப் பெற்றோல் தடையில் இங்கே கார்கள் எப்படி ஓடின என்று நினைவிருக்கிறதா? ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில்தான். ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து அதைக் கார்பரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் செய்வோம். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அது கொதிக்கிற கேத்தல் மூடிபோல நொக் அடிக்கும். அதற்காக ரைமிங்கைப் பின்னுக்கு எடுப்போம். வலு விழும், புகை பின்னால் வரும், ஆனால் வண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்.

அது சீராக்கமா? தொழிற்சாலை சொன்னதற்கு நேர் எதிர். வலுவேற்றமா? வலு இறங்கியது. ஆனால் அந்த நாட்களில் என் அப்பா செய்த ரியூனிங்குக்கு நிகராக நான் ஒன்றும் இன்னும் செய்யவில்லை.

புதன் மதியம், நல்லூர்:

இதைத்தானே சொன்னேன். கூட்டுவதும் இல்லை, திருத்துவதும் இல்லை. இருப்பதை வைத்து ஓட்டத்துக்கு ஆயத்தமாக்குவது. பண்ணல்!

புதன் இரவு, வட்டுக்கோட்டை:

மாஸ்ரர், பொருளில் நீங்கள் வென்றீர்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சொல்லைக் கேட்டதும் பொருள் வர வேண்டும். கானல்வரியை விரித்துவிட்டுத்தான் பொனற்றைத் திறக்கலாம் என்றால் பிள்ளைகள் வேறு பாடம் எடுத்துவிடுவார்கள். பேசாமல் ரியூனிங் என்றே விடலாமே? வடசொல்லை எழுத்தைத் திருத்தி எடுத்துக்கொள்ளத் தொல்காப்பியரே இடம் வைத்திருக்கிறார்.

வியாழன் காலை, நல்லூர்:

எழுத்தைத் திருத்தினால்தானே இடம். நீர் திருத்தவில்லையே. தமிழ்ச் சொல்லுக்கு ரகரம் முதலாகாது. அக்கரையில் டியூனிங் என்கிறார்கள், டகரமும் முதலாகாது. இராமனுக்கு இகரம் போட்டதுபோல இரியூனிங் என்று எழுதச் சம்மதமா? இல்லையெனில் தொல்காப்பியரை இதற்குள் இழுக்க வேண்டாம்.

வியாழன் மதியம், கோண்டாவில், அச்சுப்படி பார்ப்பவர்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ஒரு பொதுக் கேள்வி. எங்கள் வீதியில் ஓடுவதெல்லாம் மூன்று, நாலு உருளை. சீசீ ஏற வரியும் ஏறுகிற நாட்டில் ஆறு உருளைக்கு இவ்வளவு பாடு எதற்கு? அதுவும் உலகம், மூன்று மூன்றாகச் சாய்ந்து நிற்கிற வீ6க்குப் போனபிறகு?

வியாழன் மதியம், வட்டுக்கோட்டை:

போனவர்கள் திரும்பியும் வருகிறார்கள். பென்ஸ் 1997இல் வீ6க்கு மாறி, 2017இல் நேர்வரிசைக்குத் திரும்பியது. வீ6 குட்டை, குறுக்காக வைக்கலாம், அது பெரிய வசதிதான். ஆனால் தலை இரண்டு, எக்சோஸ்ற் பக்கம் இரண்டு, இயல்பான சமநிலையும் இல்லை. நேர்வரிசையின் முறுக்கதிர்வைக் கிராங்கின் முன்முனையில் ரப்பர் வைத்த ஒரு புலி அடக்கிவிடும். நான் சொல்வது கப்பியை, காட்டுப் புலியை அல்ல. அந்த ரப்பர் வெடித்த இஞ்சினைக் குறிப்பிட்ட வேகங்களில் ஓட்டிப் பார்த்தால், பரிவு (ஒத்ததிர்வு) என்று நாங்கள் படிப்பிக்கிற பாடம் காலுக்குக் கீழே நடுங்கும். படிப்பிக்க இதைவிட நல்ல இஞ்சின் கிடையாது.

வியாழன் இரவு, கொக்குவில்:

நித்திரை வருகிறது, ஆகவே முடிக்கிறேன். தலைப்பு "சீராக்கமும் வலுவேற்றமும்". உள்ளே, கராஜில் பேசுவதுபோல வருகிற இடங்களில் ரியூன் என்றே விட்டிருக்கிறேன், இகரம் போடாமல். நாலு பேர் சரி என்றோ, "ஏதோ செய்யுங்கோ" என்றோ எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவதையும் சரி என்று எண்ணிக்கொண்டேன். அண்ணையின் மண்ணெண்ணெய்க் கதை தனிப் பந்தியாக வருகிறது. அதற்குத் தலைப்புப் போடவில்லை. என்ன போடுவது என்று தெரியவில்லை.

வியாழன் இரவு, நல்லூர்:

போடாத தலைப்பு எதுவென்று உங்களுக்கே தெரியும். எனக்கு வரும் பிரதியில் பேனையால் எழுதிக்கொள்வேன்.

வெள்ளி காலை, கோண்டாவில்:

படி பார்த்துவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம். முதற்பக்கத்தில் "ஆறு உருளை", மூன்றாம் பக்கத்தில் "ஆறுருளை", அட்டையில் "அறுவுருளை". எது சரி? அச்சகம் நாலு மணிக்குப் பூட்டும்.

வெள்ளி காலை, நல்லூர்:

அறுமுகம், அறுசுவை. மெய் வந்தால் குறுகும். ஆறாயிரம். உயிர் வந்தால் குறுகாது. ஆகவே ஆறுருளையே சரி. அட்டையை மாற்றவும்.

வெள்ளி காலை, சுன்னாகம்:

ஆறுருளை என்றால் ஆற்றுக்குள் எதுவோ உருண்டு போகிற மாதிரி இருக்கிறது, மாஸ்ரர்.