பைசாண்டைன் பின்னல் ஒருமுறை தளர்ந்தது, மறுமுறை இறுகியது: பிழை எங்கே?

செம்பூர்ச் செவ்வந்தி:

அனைவருக்கும் வணக்கம். சிறு உலோக வளையங்களை ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்து நகை பின்னும் செயின்மெயில் கைவேலையை 3 மாதங்களாகப் பழகி வருகிறேன். ஆசிரியர் என்று எவரும் இல்லை; காணொளிகளைப் பார்த்துக் கற்றதுதான். என் அக்காள் மகள் வரும் ஜனவரியில் பட்டம் பெறுகிறாள். அதற்குள் பைசாண்டைன் என்ற பின்னல் வகையில் ஒரு கைச்சங்கிலி செய்து, அவள் கையில் நானே பூட்டிவிட வேண்டும் என்பது என் ஆசை. இருமுறை முயன்றேன்; இரண்டும் இரண்டு விதமாகக் கெட்டுப்போயின.

முதல் முறை, பாசிமணி விற்கும் கடை ஒன்றில் 6 மி.மீ. என்று அச்சிட்டிருந்த ஜம்ப் ரிங் (நகைகளை இணைக்கும், வாய் திறந்த சிறு வளையம்) பொட்டலம் வாங்கினேன். பித்தளை என்று சொல்லித்தான் விற்றார்கள்; வீட்டுக்கு வந்து காந்தத்தைக் காட்டியபோது அத்தனையும் ஒட்டிக்கொண்டன. பின்னல் வரவே செய்தது, ஆனால் நிற்கவில்லை. படங்களில் முடிச்சு முடிச்சாகக் கட்டுக்கோப்புடன் தெரிகிற அந்த உருவம், கையில் எடுத்த உடனே சரிந்து, எந்த வளையம் எதற்குள் போகிறது என்றே தெரியாத ஒரு கொத்தாகத் தொங்கியது.

இரண்டாம் முறை, வளையங்களை நானே செய்வதென்று முடிவு செய்து, அமெரிக்கர் ஒருவரின் காணொளியில் சொன்னபடி 18 கேஜ் செம்புக் கம்பியை வாங்கி, 3.5 மி.மீ. பின்னல் ஊசியில் சுற்றி, கட்டிங் பிளேயரால் ஒவ்வொன்றாக வெட்டினேன். இம்முறை மடித்துத் திருப்பிய வளையங்களுக்கு நடுவே அடுத்த வளையத்தை நுழைக்கவே இடமில்லை. குறடால் அழுத்தி அழுத்தி வளையங்களில் பல் பல்லாகத் தழும்பு விழுந்ததுதான் மிச்சம். எப்படியோ பின்னி முடித்த 2 அங்குலத் துண்டும் வளையத்தின் வெட்டுவாய் சேராத இடத்தில் என் பருத்திப் புடவையின் இழையைப் பிடித்து இழுத்துவிட்டது. அதையே மணிக்கட்டில் கட்டிப் பார்த்த 2 நாளில் தோலில் பச்சை நிறம் படிந்தது.

கம்பி தவறா, ஊசி தவறா, இல்லை என் கைதான் இதற்குப் பழகாதா? தெரிந்தவர்கள் விளக்கினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

முலுண்ட் வெர்னியர்:

வணக்கம் அம்மா. உங்கள் கையில் குறை எதுவும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையின் டூல் ரூமில் பல்லாண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு இந்தக் கைவேலைக்கு வந்தவன் நான். நீங்கள் எழுதியதைப் படித்ததுமே இரண்டு தோல்விகளுக்கும் காரணம் ஒன்றே என்று தெரிந்தது.

இந்த வேலையில் வளையத்தின் அளவு என்பது ஒற்றை எண் அன்று. வளையத்தின் உள்விட்டத்தைக் கம்பியின் தடிமனால் வகுத்தால் கிடைக்கும் விகிதம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பைசாண்டைனுக்கு அந்த விகிதம் ஏறக்குறைய 3.5 இருக்க வேண்டும். 4க்கு மேல் போகப் போகப் பின்னல் தளர்ந்து உருக்குலையும், 3.2க்குக் கீழே இறங்கினால் வளையங்களுக்கு உள்ளே இடமிருக்காது. இப்போது உங்கள் பொட்டலத்தை எடுத்துக்கொள்வோம். மணிக்கடைகளில் ஜம்ப் ரிங்குக்குச் சொல்லும் அளவு பெரும்பாலும் வெளிவிட்டம். கம்பி 0.8 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் இருபுறமும் கழிந்து உள்விட்டம் 4.4 மி.மீ., விகிதம் 5.5. அந்த வளையத்தில் பைசாண்டைன் நிற்க வழியே இல்லை.

இரண்டாவது முறையில் ஏமாற்றியது கேஜ் என்ற சொல். நம் ஊர்க் கடைகளில் 18 கேஜ் என்றால் பிரிட்டிஷ் அளவுமுறையான எஸ்.டபிள்யூ.ஜி.; அதன் தடிமன் 1.22 மி.மீ. அமெரிக்கர் சொன்ன 18 கேஜ் அவர்களுடைய ஏ.டபிள்யூ.ஜி. முறையில் 1.02 மி.மீ. 3.5 மி.மீ. ஊசியில் சுற்றிய சுருள் கையை விட்டதும் சற்றே விரிந்து 3.6 மி.மீ. ஆகியிருக்கும். அதை 1.02ஆல் வகுத்தால் 3.5 வருகிறது, 1.22ஆல் வகுத்தால் 2.95தான் வருகிறது. அவருக்குப் பின்னல் விழுந்ததற்கும் உங்களுக்கு இறுகியதற்கும் நடுவே நின்றது அந்த 0.2 மி.மீ.

வைத்திருக்கும் கம்பியை வீணாக்க வேண்டாம். 1.22 × 3.5 என்று பெருக்கினால் 4.27 மி.மீ. உள்விட்டம் தேவை. அதற்கு 4.2 மி.மீ. டிரில் பிட் ஒன்றை வாங்கி, அதன் திருகு இல்லாத வழவழப்பான தண்டுப் பகுதியில் சுற்றுங்கள். டிரில் பிட்டுகள் 0.1 மி.மீ. இடைவெளியில் கிடைப்பதால் பின்னல் ஊசியைவிட இந்த வேலைக்கு ஏற்றவை. செம்பூரிலிருந்து மும்பை ஹார்பர் லைன் ரயிலில் வந்து மஸ்ஜித் நிலையத்தில் இறங்கி நடந்தால் நாக்தேவி தெருவில் கருவிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தடிமன் அளக்கும் கருவியான ஒரு சாதாரண டிஜிட்டல் காலிப்பரும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்; கடைக்காரர் சொல்லும் கேஜை நம்பாமல், கம்பியைக் கவ்விப் பார்த்து மில்லிமீட்டரில் கேட்டு வாங்குங்கள். இந்த அளவில் ஒரு வளையத்துக்கு ஏறத்தாழ 17.3 மி.மீ. கம்பி செலவாகும், அதாவது 100 வளையங்களுக்கு ஒன்றேமுக்கால் மீட்டர். செம்பில் அது சுமார் 18 கிராம்.

சயான் பத்தர் வீட்டுப் பெண்:

ஐயா சொன்ன விகிதக் கணக்குடன் எனக்கு முழு உடன்பாடு. புடவை இழையைப் பிடித்த விஷயத்தைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன், ஏனென்றால் நகை அணியக்கூடியதா இல்லையா என்பது அந்த வாயில்தான் இருக்கிறது.

எங்கள் தாத்தாவும் அப்பாவும் தங்க வேலை செய்த பத்தர்கள். அவர்கள் செய்யும் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியின் வாயும் பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கப்படும். பழைய போர்க்கவசங்களில்கூட வளையத்தின் இரு நுனிகளையும் தட்டையாக்கித் துளையிட்டு ஆணி அடித்து இறுக்குவது வழக்கம். நீங்கள் செய்யும் கைச்சங்கிலியில் பற்றும் இல்லை, ஆணியும் இல்லை. இரண்டு நுனிகளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்பது மட்டுமே பிடிப்பு. ஆகவே வெட்டும் விதத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது. கட்டிங் பிளேயரின் இரு அலகும் கம்பியை இருபுறமிருந்தும் நசுக்குவதால் நுனி கூரை முகடு போல ஆகிவிடுகிறது. இரண்டு முகடுகளை எப்படி முட்ட வைத்தாலும் நடுவே பள்ளம் இருக்கும், அதில்தான் இழை சிக்குகிறது. பத்தர்கள் பயன்படுத்தும் கம்பிவாள் சட்டமும் 4/0 என்ற மெல்லிய அலகுகளும் ஜவேரி பஜாரை ஒட்டிய சந்துகளில் கிடைக்கும். சுருளுக்குள் ஒரு மரக்குச்சியைச் செருகி, அலகின் பற்கள் கைப்பிடியை நோக்கி இருக்குமாறு பூட்டி, தேன்மெழுகு தடவி, அவசரமில்லாமல் அறுங்கள். முதல் நாள் நாலைந்து அலகுகள் முறியும். அது எல்லோருக்கும் நடப்பதுதான். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் உட்காராதீர்கள்.

அடுத்தது வாயை மூடுவது. பல் இல்லாத தட்டை மூக்குக் குறடு இரண்டு வேண்டும். வாய் மேலே இருக்க, இரு பக்கத்திலும் குறடுகளால் பிடித்து, ஒரு நுனியை உங்களை நோக்கியும் மற்றதை எதிர்ப்புறமாகவும் திருகித்தான் திறக்க வேண்டும். இடமும் வலமுமாக இழுத்துத் திறந்தால் வட்டம் கெட்டுவிடும், பிறகு அது திரும்பாது. மூடும்போது நுனிகளை நேர்கோட்டில் கொண்டுவந்ததுடன் நிறுத்திவிடாமல், லேசாக உள்நோக்கி அழுத்தியபடியே ஒன்றையொன்று தாண்டிச் சென்று திரும்ப வரச் செய்யுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் நுனிகள் உரசுகிற நறநறப்பு குறடு வழியாக விரலுக்கே தெரியும். அந்த உரசலோடு நேர்கோட்டில் நிறுத்திவிட்டால் வாய் தானாகவே அழுந்தி நிற்கும். பிறகு ஒரு துளிப் பஞ்சை அதன்மேல் தடவிப் பாருங்கள். பஞ்சு ஒட்டாவிட்டால் புடவையும் ஒட்டாது. நான் இன்றும் ஒவ்வொரு வளையத்துக்கும் இதைச் செய்கிறேன்.

கம்பியின் பதம் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டு மின்கம்பியிலிருந்து உரித்த செம்பு நன்றாகப் பதப்படுத்தி மென்மையாக்கப்பட்டது. பின்ன எளிது, ஆனால் சற்றே இழுபட்டாலும் வாய் திறந்துகொள்ளும். மோட்டார் சுற்றும் கம்பியின்மேல் எனாமல் பூச்சு இருக்கும், அது நகைக்கு உதவாது. பாதி விறைப்புள்ள கம்பி என்று கேட்டு வாங்குங்கள்.

மாட்டுங்கா மணிக்கோவை:

பச்சை நிறம் கண்டு அஞ்ச வேண்டாம். வியர்வையிலுள்ள உப்பும் அமிலமும் செம்போடு சேர்ந்து உண்டாக்குகிற படிவுதான் அது. சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும். ஆனால் ஈரமும் கடற்காற்றும் சேர்ந்த நம் மும்பையில், அதுவும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, செம்பும் பித்தளையும் மிக விரைவில் மங்கும். மங்கியதும் குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோலப் புளியைப் போட்டுத் தேய்க்கத் தோன்றும். நானும் அப்படித்தான் செய்தேன். அன்று பளபளத்தது, ஒரு வாரத்தில் வளையங்கள் சந்திக்கும் இடுக்குகளில் எல்லாம் பச்சைக் களிம்பு பூத்துவிட்டது. விளக்கைப் போலன்றி, பின்னலின் உள்ளே போன புளித்தண்ணீர் தானாக வெளியே வராது. புளியில் ஊறவைத்தால், அடுத்து சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, நல்ல தண்ணீரில் இன்னொரு முறை அலசி, முடி உலர்த்தும் கருவியால் உள்வரை காயவைத்து, காற்றுப் புகாத பையில் போட்டு வைக்க வேண்டும்.

உங்கள் அக்காள் மகளுக்கு எந்த உலோகம் ஒத்துக்கொள்ளும் என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஜெர்மன் சில்வர் என்று விற்பதில் வெள்ளி கிடையாது. செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான் அதில் உண்டு. நிக்கல் ஒவ்வாதவர்களுக்கு அது அரிப்பை உண்டாக்கும். எவர்சில்வர் கம்பி மங்காது, ஆனால் விறைப்பு மிகுதி என்பதால் முதல் ஆண்டில் அதைத் தொடாமல் இருப்பது மணிக்கட்டுக்கு நல்லது. அலுமினியம் எடை குறைவு, மென்மை, விலையும் கட்டுப்படியாகும். செம்பில் 18 கிராம் வரும் 100 வளையங்கள் அலுமினியத்தில் ஐந்தரைக் கிராம்தான். பின்னும்போது விரலெல்லாம் கறுப்பாகும். பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலில் வளையங்களைப் போட்டுக் குலுக்கி எடுத்தால் அது தீரும்.

முதல் துண்டை இரண்டு நிறத்தில் பின்னுங்கள் என்பது என் வேண்டுகோள். இரண்டு, இரண்டு, இரண்டாகக் கோத்துத் தொங்கவிட்டதும், கடைசி இரண்டையும் காதுமடல் போல இருபுறமும் மேலே மடிக்கிறோம் அல்லவா? அந்த மடிக்கும் வளையங்களை மட்டும் பித்தளையிலும் மற்றவற்றைச் செம்பிலும் வையுங்கள். நடுவிலுள்ள செம்பு வளையங்கள் இரண்டையும் நகத்தால் விலக்கினால் உள்ளே மஞ்சளாக இரண்டு வளைவுகள் எட்டிப் பார்க்கும். புதிய வளையம் போக வேண்டிய வழி அதுதான். ஒரே நிறத்தில் பழகிய காலத்தில் அந்த வழியைத் தேடியே நான் மாலை மாலையாகக் கழித்திருக்கிறேன்.

செம்பூர்ச் செவ்வந்தி:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை நாக்தேவி தெருவுக்குப் போய் 4.2 மி.மீ. டிரில் பிட்டும் காலிப்பரும் வாங்கி வந்தேன். கையிலிருந்த கம்பியை அளந்தபோது 1.22 என்றே காட்டியது. அந்த எண்ணைப் பார்த்ததும் 3 மாதச் சுமை இறங்கியது போலிருந்தது. அறுத்தெடுத்த வளையங்களின் உள்விட்டம் 4.3 வந்தது. வாளில் 6 அலகுகள் முறிந்தன. நேற்றிரவு செம்பும் பித்தளையுமாக ஓரங்குலம் பின்னி முடித்தேன். மேசைமேல் நிமிர்த்திப் பிடித்தால் சரியாமல் நிற்கிறது, மடித்தால் வழுவழுவென்று வளைகிறது, பஞ்சும் ஒட்டவில்லை.

இன்னும் ஒரே ஒரு ஐயம். அவளுடைய மணிக்கட்டின் சுற்றளவு 15 செ.மீ. சங்கிலியையும் அதே நீளத்துக்குப் பின்னினால் போதுமா?

முலுண்ட் வெர்னியர்:

போதாது அம்மா. தடித்த சங்கிலி கையைச் சுற்றி வளையும்போது உட்புறச் சுற்றளவு குறைந்துவிடும். நீங்கள் பின்னிய துண்டின் தடிமனைக் காலிப்பரில் பார்த்து, அதை 3.14ஆல் பெருக்கிக் கூட்டிக்கொள்ளுங்கள். தடிமன் 5 மி.மீ. என்றால் 15.7 மி.மீ. கூடும், அதாவது 16.6 செ.மீ. கையோடு ஒட்டிப் பிடிக்காமல் சற்றே அசைந்து கிடக்க இன்னுமொரு செ.மீ. சேர்த்தால் 17.6 செ.மீ. கொக்கியின் நீளமும் இதற்குள் அடங்கும் என்பதால், கொக்கியை முதலில் வாங்கி அளந்துவிட்டு, மீதியைப் பின்னுங்கள். நீங்கள் முடித்திருக்கும் ஓரங்குலத்தில் எத்தனை வளையங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பெருக்கி, அதற்குமேல் 20 வளையங்களையாவது கூடுதலாக அறுத்து வையுங்கள். மீண்டும் சுருள் சுற்றினால் உள்விட்டத்தில் சிறு வேறுபாடு வரும், அது பின்னலில் தெரிந்துவிடும்.